‘என்பாரும் உளர்’: ஒரே படத்தைப் பற்றிய மாறுபட்ட கருத்துகளை ஆய்வுக் கட்டுரையில் சேர்த்து எழுதுவது எப்படி?

போன மாதம் ஒரு மாணவி தன் ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். முதுகலையில் திரைப்பட ஆய்வுக்கான கட்டுரை. எடுத்துக்கொண்ட படம், 1988இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படமான ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. உழைப்பில் குறை சொல்ல முடியாது, தேடித் தேடிப் படித்திருந்தார். ஆனால் மூன்று பக்கத்துக்கு வாக்கியங்கள் ஒரே மாதிரி போயின. விமர்சகர் ஈபர்ட் இப்படிச் சொல்கிறார். ஆய்வாளர் நேப்பியர் இப்படிச் சொல்கிறார். இயக்குநரோ இப்படிச் சொல்கிறார். அப்புறம் கடைசியில் ஒரு வரி: “இவ்வாறு அறிஞர்களிடையே பல கருத்துகள் நிலவுகின்றன.” அத்தோடு முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பார்களே, அந்த மாதிரி. பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவே இல்லை.

ஆய்வெழுத்தில் ‘சிந்தசிஸ்’ என்று பேராசிரியர்கள் கேட்பது, இவர்களை ஒருவரோடொருவர் பேச வைப்பதைத்தான். எந்தக் கேள்வியில் இவர்கள் மோதுகிறார்கள், ஏன் மோதுகிறார்கள், அந்த மோதலால் படத்தில் எது புதிதாகக் கண்ணில் படுகிறது என்பதையெல்லாம் கட்டுரை எழுதுகிறவர் தன் வாயால் சொல்ல வேண்டும். இது நமக்கு அந்நியமான வேலை இல்லை. நம் உரையாசிரியர்கள் ‘என்பாரும் உளர்’ என்று எழுதி மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுத்தவர்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தனக்கு முந்தைய இளம்பூரணரின் கருத்தை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு, அது ஏன் பொருந்தவில்லை என்று காரணத்தோடு மறுப்பார். ‘உளர்’ என்று சொன்னதோடு நிற்காமல் அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். அந்த அடுத்த அடிதான் மாணவியின் கட்டுரையில் இல்லாமல் போயிருந்தது.

சரி, அவர் எடுத்துக்கொண்ட படத்தையே வைத்துப் பார்ப்போம். இந்தப் பயிற்சிக்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது கஷ்டம்.

கதை சுருக்கமானது. 1945, ஜப்பானின் கோபே நகரம். அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போடுகின்றன. தாய் இறந்துபோகிறாள், தந்தை கடற்படையில் இருக்கிறார். 14 வயது சேய்த்தாவும் 4 வயதுத் தங்கை செட்சுகோவும் தூரத்து உறவுக்கார அத்தை வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே மனக்கசப்பு வளர்கிறது. சேய்த்தா தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறி, கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் குடியேறுகிறான். பசியில் தங்கை சாகிறாள், பிறகு அண்ணனும் சாகிறான். அவன் சாவைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. இயக்கியவர் இசாவோ தகாஹாதா, உருவாக்கியது ஸ்டுடியோ கிப்லி. அகியுகி நொசாகா 1967இல் எழுதிய சிறுகதைதான் மூலம்.

இனி, யார் என்ன சொன்னார்கள்?

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2000இல் இதைத் தன் மகத்தான படங்கள் வரிசையில் சேர்த்து எழுதினார். மிகச் சிறந்த போர்ப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு அதில் இடமுண்டு என்பது அவர் கருத்து. இதையே நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் சண்டைக் காட்சிகளின் பாரமும் கிராஃபிக்ஸின் பாரமும் கதையை அமுக்கியிருக்கும், அனிமேஷனாக இருப்பதால்தான் சாரத்தில் கவனம் நிற்கிறது என்றும் சொன்னார்.

இயக்குநர் தகாஹாதா, இது போர் எதிர்ப்புப் படம் இல்லை என்று பலமுறை சொன்னார். சமூகத்திலிருந்து விலகி, தாங்கள் இருவர் மட்டும் போதும் என்று வாழப் பார்த்துத் தோற்றுப்போன இரண்டு பிள்ளைகளின் கதை என்றார். பதின்ம வயதினரும் இருபதுகளில் இருப்பவர்களும் அவர்களோடு ஒன்ற வேண்டும் என்று எண்ணினார். இதைச் சொன்னவர் ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்தின் மீது குண்டு விழுந்தபோது தப்பிப் பிழைத்தவர் என்பதையும், போரைத் துறக்கும் ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவைக் காக்க வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போரை வெறுத்தவர்தான் தன் படத்தைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொல்ல மறுக்கிறார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, திரும்பவும் வருவேன்.

ஆய்வாளர் சூசன் நேப்பியர் ஜப்பானிய அனிமேஷன் பற்றி 2001இல் வெளியிட்ட நூலில் ஒரு முழு அத்தியாயத்தை இந்தப் படத்துக்கும், ஹிரோஷிமா அணுகுண்டைப் பற்றிய ‘பேர்ஃபுட் ஜென்’ படத்துக்கும் ஒதுக்கினார். பாதிக்கப்பட்டவரின் வரலாறு என்ற சட்டகத்துக்குள் இரண்டையும் வைத்துப் படிக்கிறார். அதாவது, போரில் ஜப்பானிய மக்கள் பட்ட துயரம் முன்னால் வந்து நிற்கும்; அந்தப் போரில் ஜப்பானின் சொந்தப் பொறுப்பு பின்னால் மங்கிவிடும். அப்படியொரு நினைவு மரபு.

இன்னோர் ஆய்வாளர் வெண்டி கோல்ட்பெர்க் 2009இல் எழுதிய கட்டுரை ‘பாதிக்கப்பட்டவரின் வரலாறு’ என்ற அதே தொடரைத் தலைப்பிலேயே எடுத்துக்கொண்டு, தகாஹாதாவின் படம் அந்த வரலாற்றைக் கடந்து போகிறது என்று வாதிடுகிறது.

கடைசியாக, மூலக்கதையை எழுதிய நொசாகா. போர் முடிந்த காலத்தில் அவருடைய கைக்குழந்தைத் தங்கை பசியால் இறந்தாள். கதையில் வரும் அண்ணன் அளவுக்குத் தான் அன்பாக இருக்கவில்லை, அவளுக்கான உணவைத் தானே தின்றதுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்தக் கதை தங்கையிடம் கேட்ட மன்னிப்பு.

இந்த ஐந்து பேரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. பல வரைவுகள் இங்கேதான் சறுக்குகின்றன. ஈபர்ட் பத்திரிகை விமர்சகர். பொதுவாசகரைப் படம் பார்க்க வைக்க எழுதினார். தகாஹாதா படைப்பாளி; அவர் சொல்வது அவருடைய நோக்கத்துக்குச் சான்று, படத்தின் விளைவுக்குச் சான்று ஆகாது. நொசாகா சொல்வது வாழ்க்கைச் சான்று, அதுவும் படத்தைப் பற்றியதைவிடத் தன் கதையைப் பற்றியது. நேப்பியரும் கோல்ட்பெர்க்கும் ஆய்வாளர்கள். அவர்களுக்குள் ஒரு வாதம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ‘இயக்குநரே இல்லை என்று சொல்லிவிட்டார், ஆகவே மற்றவர்கள் தவறு’ என்று எழுதிய கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். படைத்தவர் பேச்சுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அது தீர்ப்பு ஆகிவிடாது.

அடுத்து, கேள்வி. மாணவி தன் கட்டுரையின் மையக் கேள்வியை ‘இது போர் எதிர்ப்புப் படமா, இல்லையா?’ என்று வைத்திருந்தார். பார்த்தால் கச்சிதமான கேள்வி. ஆனால் அதை வைத்துக்கொண்டு நகர முடியாது, ஏனென்றால் அந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் புழங்குகிறார்கள். போரின் கொடுமையைக் காட்டினாலே போதும், அது போர் எதிர்ப்புதான் என்று பெரும்பாலான பார்வையாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தகாஹாதாவுக்கு அது போதவில்லை. போரினால் மக்கள் படும் துன்பத்தைச் சொல்லும் படங்களால் அடுத்த போரைத் தடுக்க முடியாது, ‘இப்படி ஒரு துன்பம் மறுபடி வரக்கூடாது என்பதற்காகவே போரிடுகிறோம்’ என்று சொல்லியே அடுத்த போரைத் தொடங்குவார்கள் என்ற பொருளில் பிற்காலத்தில் அவர் பேசினார். இந்த விளக்கம் கையில் இருந்தால், அவர் மறுப்பு வேறு மாதிரி கேட்கிறது. போர் எதிர்ப்பு என்ற சொல்லுக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் உயரமானது, தன் படம் அந்த உயரத்தை எட்டுவதாக அவர் நினைக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், நேப்பியரின் கேள்வியும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறது: துயரத்தைக் காட்டினால் மட்டும் போதுமா?

பாருங்கள், எதிரெதிரே நின்றவர்கள் என்று நினைத்த இருவர் ஒரே கேள்வியின் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். பதிலில் வேறுபடலாம், ஆனால் கேட்கும் கேள்வி ஒன்று. இது கண்ணில் பட்ட பிறகுதான் சேர்த்து எழுத வழி பிறக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. ஒரு பெரிய தாளை எடுத்துக் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் பெயர்கள். மேல் வரிசையில் கேள்விகள்: துன்பத்துக்குக் காரணம் யார்? சேய்த்தாவுக்கு அதில் பங்கு உண்டா? பார்வையாளர் எங்கே நிற்கிறார்? அனிமேஷன் என்ற வடிவம் என்ன செய்கிறது? ஒவ்வொரு கட்டத்திலும் அந்த விமர்சகரின் பதிலை உங்கள் வார்த்தையில் ஒரே வரியில் எழுதுங்கள், பக்க எண்ணோடு. சில கட்டங்கள் காலியாக இருக்கும். காலியாகவே விடுங்கள், அவர் பேசாததை அவர் வாயில் திணிக்க வேண்டாம். எழுதி முடித்ததும் தாளைக் குறுக்கே படிக்காமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். குறுக்கே படித்தால் கிடைப்பது வருகைப் பதிவு. கீழ்நோக்கிப் படித்தால் உங்கள் பத்திகள் கிடைக்கும். ஒரு நெடுவரிசைக்கு ஒரு பத்தி.

மாணவியும் நானும் இதைச் செய்தபோது இரண்டாவது நெடுவரிசைதான் நிரம்பி வழிந்தது. சேய்த்தாவுக்குப் பங்கு உண்டா? எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அங்கே வந்துதான் மோதுகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது, விமர்சகர்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் படத்துக்குத் திரும்புவது. இதைச் செய்யாமல் எழுதும் கட்டுரை, அடுத்தவர் கண்ணாலேயே படம் பார்த்த கட்டுரையாகிவிடும்.

பதுங்குகுழியில் கழியும் ஓர் இரவு. வெளியே நின்று வானத்தைப் பார்க்கும்போது ஒரு விமானம் விளக்கு மின்ன மின்னப் போகிறது. தற்கொலைத் தாக்குதல் விமானம் அது என்கிறான் சேய்த்தா. மின்மினி மாதிரி இருக்கிறது என்கிறாள் செட்சுகோ. அப்புறம் இருவரும் மின்மினிகளைப் பிடித்துவந்து கொசுவலைக்குள் விடுகிறார்கள். குழி முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சேய்த்தாவுக்குச் சின்ன வயதில் பார்த்த கடற்படை அணிவகுப்பு நினைவு வருகிறது. விளக்கு அலங்காரத்தில் போர்க்கப்பல்கள் திரையில் விரிகின்றன. அப்பா ‘மாயா’ என்ற போர்க்கப்பலில் இருந்தார் என்று தங்கையிடம் பெருமையாகச் சொல்கிறான், படைப்பாட்டு பாடுகிறான், இருட்டைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுவதுபோல் சத்தம் எழுப்புகிறான். விடிந்ததும் மின்மினிகள் செத்துக் கிடக்கின்றன. செட்சுகோ மண்ணைத் தோண்டி அவற்றைப் புதைக்கிறாள். அம்மாவும் இப்படித்தான் குழிக்குள் இருக்கிறாள் என்று அத்தை சொல்லிவிட்டதாகச் சொல்கிறாள். அதுவரை தங்கைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்ட சேய்த்தா அப்போதுதான் அழுகிறான்.

இந்தச் சில நிமிடங்களில் மின்மினி எத்தனை வேடம் போடுகிறது! தற்கொலை விமானம், கடற்படையின் பெருமை, அம்மாவின் சாவு. போதாததற்கு ஜப்பானியத் தலைப்பிலேயே ‘ஹோதாரு’ என்ற மின்மினியின் பெயரை வழக்கமான எழுத்தில் எழுதாமல், நெருப்பு, சொட்டுதல் என்ற இரண்டு பொருளும் தெரியும் எழுத்துகளால் எழுதியிருக்கிறார் நொசாகா. வானத்திலிருந்து சொட்டிய தீக்குண்டுகளும் அதற்குள் வந்துவிடுகின்றன.

இன்னொரு தகவல், படத்துக்கு வெளியிலிருந்து. ‘மாயா’ உண்மையான கப்பல். 1944 அக்டோபரில் பலாவான் தீவுக்கு அருகே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் அதை மூழ்கடித்துவிட்டது. கதை நடப்பதோ 1945 கோடையில். தங்கைக்கு அவன் பாடிக் காட்டும் அந்தக் கப்பல் அப்போது கடலடியில் கிடக்கிறது. போர் முடிந்த செய்தியோடு கடற்படையே மூழ்கிப்போன செய்தியையும் சேய்த்தா வங்கிக்குப் பணம் எடுக்கப் போன இடத்தில்தான் கேள்விப்படுகிறான்.

இப்போது விமர்சகர்களைத் திரும்ப அழைக்கலாம். நேப்பியர் சொல்லும் துயரம் இந்தக் காட்சியில் இருக்கிறதா? இருக்கிறது, செட்சுகோ தோண்டும் குழியில் இருக்கிறது. படம் அதைக் கடந்து போகிறது என்ற கோல்ட்பெர்க்கின் வாதத்துக்கு இங்கே பிடி கிடைக்கிறதா? கிடைக்கிறது, சேய்த்தாவின் வாயிலிருந்து வரும் அந்தச் சுடும் சத்தத்தில். போர் இந்தப் பையனைக் கொல்கிறது. அதே போரின் பெருமைதான் அவனை வளர்த்தும் இருக்கிறது. கடற்படை அதிகாரி மகன் என்ற அந்த நிமிர்வு இல்லாமலிருந்தால் அத்தையிடம் தலைகுனிந்து திரும்பிப் போயிருப்பானோ என்னவோ. போய்ச் சமாதானமாகிவிடு என்று ஒரு விவசாயி சொல்லியும் அவன் போகவில்லை. தகாஹாதா சொன்ன ‘விலகிப் போன வாழ்க்கை’ இங்கே வந்து சேர்கிறது.

இதைக் கட்டுரையில் எழுதினால் எப்படி இருக்கும்? மாணவியும் நானும் உட்கார்ந்து எழுதிய பத்தி இது:

“இப்படத்தைப் பாதிக்கப்பட்டவரின் வரலாறாக வாசிக்கும் நேப்பியரும், அது அவ்வரலாற்றைக் கடக்கிறது என்னும் கோல்ட்பெர்க்கும் ஒரே கேள்வியை எழுப்புகின்றனர்: துயரைக் காட்டும் படம் பொறுப்பையும் காட்ட இயலுமா? மின்மினிக் காட்சி இதற்கு ஒரு விடை தருகிறது. தாயின் சாவுக்கும் கடற்படையின் பெருமைக்கும் படம் ஒரே ஒளியைப் பயன்படுத்துகிறது. சேய்த்தாவின் இழப்பைப் பார்க்கும் கண், அவனுக்கு ஊட்டப்பட்ட பெருமிதத்தையும் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு ஒரு குடும்பத்தின் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. ஜப்பானிய ராணுவம் பிற நாடுகளில் செய்தவை சட்டகத்துக்கு வெளியிலேயே இருக்கின்றன. அந்த அளவில் நேப்பியரின் கேள்வி தீராமல் நிற்கிறது.”

கவனியுங்கள், ‘இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது’ என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த வாக்கியத்தைப் பார்த்தால் நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரிப்பது பாகப்பிரிவினைக்குச் சரி, ஆய்வுக்குச் சரிப்படாது. எந்த அளவுக்கு யார் பக்கம், எந்த இடத்தோடு அது நிற்கிறது, எந்தக் காட்சி அதற்குச் சான்று என்று சொல்ல வேண்டும். மேலே உள்ள பத்தி கோல்ட்பெர்க்கின் பக்கம் சாய்கிறது, ஆனால் எவ்வளவு தூரம் சாய்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடுகிறது.

வினைச்சொல்லையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ‘கூறுகிறார்’ என்று போட்டால் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதுபோல் ஆகிவிடும். சான்று வைத்து நிறுவ முயன்றால் வாதிடுகிறார். போகிற போக்கில் சொன்னால் குறிப்பிடுகிறார். மற்றவர் கருத்தைத் தள்ளினால் மறுக்கிறார். தன் அனுபவத்தைச் சொன்னால் நினைவுகூர்கிறார், நொசாகா செய்தது அதுதான். சரியான வினை அமைந்தால் அரைப் பத்தி விளக்கம் மிச்சமாகும்.

அனிமேஷன் படம் என்பதால் ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. பலர் கதையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, அது வரையப்பட்ட படம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். ஈபர்ட் சொன்னது இந்த இடத்தில்தான் பயன்படும். இந்தப் படத்தில் உருவங்களின் ஓரக்கோடுகள் வழக்கமான கறுப்பில் இல்லாமல் பழுப்பில் இருக்கின்றன, அதனால் முகங்கள் பின்னணியோடு மென்மையாகக் கலக்கின்றன. இறந்த சேய்த்தாவின் ஆவி சிவந்த ஒளியில் நின்று, உயிரோடு இருந்தபோது நடந்ததைப் பார்க்கிறது. கடைசியில் அண்ணனும் தங்கையும் ஆவிகளாகக் குன்றின் மேல் உட்கார்ந்து, கீழே விளக்குகள் எரியும் இன்றைய நகரத்தைப் பார்க்கிறார்கள். நிறத்தை மாற்றியே காலத்தையும் மாற்றுவது வரையப்பட்ட படத்துக்கு எளிதாகக் கைவருகிறது. ‘பார்வையாளர் எங்கே நிற்கிறார்’ என்ற நெடுவரிசைக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. விமர்சகர் யாரும் தொடாத கட்டம் உங்கள் தாளில் காலியாக இருந்தால், உங்கள் சொந்தக் கருத்துக்கு இடம் அங்கேதான்.

எல்லாமே சேர்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவியின் தாளில் அத்தையைப் பற்றி நிறையக் குறிப்பு இருந்தது. கஞ்சியில் மேலாக நிற்கும் தண்ணீரைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைத் தன் மகளுக்கு அள்ளிப் போடும் அந்தக் காட்சியை மறக்க முடியாது. அவளைக் கொடுமைக்காரி என்பவர்களும் உண்டு, பஞ்ச காலத்தில் குடும்பம் நடத்தியவள் வேறென்ன செய்வாள் என்பவர்களும் உண்டு. 2005இல் ஜப்பானியத் தொலைக்காட்சி நடிகர்களை வைத்து இதே கதையை எடுத்தபோது, அத்தையின் பக்கத்திலிருந்தே சொன்னது. அருமையான விஷயம், ஆனால் வேறு விஷயம். துயரத்தையும் பொறுப்பையும் பற்றிய கட்டுரைக்குள் அதை இழுத்துப் போட்டால் இரண்டுமே கெடும்.

அத்தையைப் பற்றி வரைவில் எழுதியிருந்த நான்கு பத்திகளை வெட்ட மாணவிக்கு மனம் வரவில்லை. அவற்றை வேறு கோப்பில் சேமித்து, ‘அத்தை’ என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த பருவத்துக்கான கட்டுரை அது.